சாரணர் குழு கலையாமல் இருக்க: இயங்கலைச் சந்திப்புகளை நடத்தும் முறை

கோவிட்-19 பரவலால் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் நடப்புக்கு வந்தபோது, பினாங்கின் செபராங் பிறையில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் சாரணர் குழுவுக்கு நான் பொறுப்பாசிரியராக இருந்தேன். பதிவேட்டில் 26 பிள்ளைகள் இருந்தார்கள். இணையத்தின் வழி நடந்த முதல் இயங்கலைச் சந்திப்புக்கு 21 பேர் வந்தார்கள். மூன்றாவது சந்திப்புக்கு ஒன்பது பேர். அந்த ஒன்பதை மீண்டும் இருபதுக்கு மேல் கொண்டுவர எனக்குப் பல மாதங்கள் பிடித்தன. அந்தக் காலம் கடந்துவிட்டாலும் இயங்கலைச் சந்திப்பின் தேவை தீர்ந்துவிடவில்லை. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் பள்ளிகளில் வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்த வேண்டும். 200-ஐத் தாண்டினால் பள்ளியே மூடப்படும். வெள்ளம், நீண்ட விடுமுறை, திடல் சீரமைப்பு என்று வேறு தடைகளும் ஆண்டுதோறும் வருகின்றன. இப்போதுதான் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களும், பள்ளி சாராத திறந்த குழுக்களை நடத்தும் தன்னார்வலர்களும் நான் பட்ட பாட்டைப் படாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

1. கைப்பேசி எப்போது வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள்

புறப்பாட நடவடிக்கை வழக்கமாக நடக்கும் புதன்கிழமை பிற்பகல் 2.30 மணியையே இயங்கலைக்கும் வைத்துக்கொண்டது நான் செய்த முதல் தவறு. பிள்ளைகளுக்கு அந்த நேரம் பழக்கமானதுதான். ஆனால் அந்த நேரத்தில் கைப்பேசி வீட்டில் இல்லை. வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஒவ்வொன்றாக அழைத்தபோது ஒரு தாயார் சொன்னார்: "சார், பையனுக்கு ஆசைதான். போன் அவங்க அப்பாகிட்ட இருக்கு, அவரு பிறை பேக்டரியில இருக்காரு. ஏழு மணி ஷிப்ட் முடிஞ்சு வந்தாத்தான் இவனுக்குக் கெடைக்கும்." பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று நான் பதிவேட்டில் குறித்து வைத்திருந்த ஏழு பேரில் ஐவருடைய கதை இதுவாகத்தான் இருந்தது. மற்ற இருவர் வீட்டில் அக்காவின் இல்லிருப்புக் கற்றலுக்குக் கைப்பேசி போய்விடுகிறது.

ஆகையால் எந்தச் செயலி, எந்தப் பாடம் என்று யோசிப்பதற்கு முன்னால் பெற்றோரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வீட்டில் பிள்ளை பயன்படுத்தக்கூடிய கருவிகள் எத்தனை? அவை எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும்? இணையம் வீட்டு வைஃபையா, கைப்பேசித் தரவா? அந்த நேரத்தில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பாரா? இதற்கு ஒரு பக்கத் தாள் போதும். ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும். எழுதித் தராதவர்களிடம் தொலைபேசியில் கேட்டு நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எங்கள் பதில்களைக் கூட்டிப் பார்த்தபோது எல்லாருக்கும் பொருந்தும் நேரம் என்று ஒன்று இல்லவே இல்லை. சுழற்சி வேலை செய்யும் பெற்றோருக்கு இந்த வாரம் பொருந்துவது அடுத்த வாரம் பொருந்தாது. எனவே ஒரே சந்திப்பை வியாழன் இரவு 8.15 மணிக்கு ஒரு முறையும், சனிக்கிழமை காலை 10 மணிக்கு மறுமுறையும் நடத்தினோம். பிள்ளை இரண்டில் எதற்கு வந்தாலும் வருகை உண்டு. நடத்துபவருக்கு வேலை இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். அதனால் வாரந்தோறும் நடத்தாமல் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நடத்துங்கள். தீபாவளி வாரத்தையும் தைப்பூச வாரத்தையும் அட்டவணையிலிருந்து முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். பாதிப் பிள்ளைகள் தண்ணீர்மலை முருகன் கோவில் கூட்டத்தில் நிற்கும்போது நீங்கள் திரையில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

2. கடிதங்களை முடித்துக்கொள்ளுங்கள்

இயங்கலைதானே, பள்ளிக்கு வெளியேதானே என்று கடிதம் இல்லாமல் தொடங்கிவிடாதீர்கள். சந்திப்பு உங்கள் வீட்டு வரவேற்பறையிலிருந்து நடந்தாலும் அது பள்ளிச் சீருடை இயக்கத்தின் நடவடிக்கையே ஆகும். ஏதேனும் நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அனுமதிக் கடிதம்.

முதலாவது, தலைமையாசிரியருக்கு எழுதும் கடிதம். மலாய் மொழியில் ஒரு பக்கம் போதும். சந்திப்பு நாள்கள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், பயன்படுத்தும் செயலி, கலந்துகொள்ளும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், பொறுப்பில் இருக்கும் பெரியவர்கள் இருவரின் பெயர் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இருவர் என்பதை அழுத்திச் சொல்கிறேன். நான் என் பெயரை மட்டும் எழுதிச் சந்திப்புக்கு மூன்று நாள் முன்னதாகக் கொடுத்தேன். கடிதம் திரும்பி வந்தது, சந்திப்பும் ஒரு வாரம் தள்ளிப்போனது. புறப்பாடத் துணைத் தலைமையாசிரியர் வழியாக இரண்டு வாரம் முன்னதாகக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் தனிக் கடிதம் எழுதாமல், தவணை முழுமைக்குமான நாள்களை இணைப்பாக வைத்து ஒரே கடிதமாகக் கேட்டால் ஆண்டுக்கு இரண்டு கடிதத்தோடு வேலை முடியும்.

இரண்டாவது, உங்கள் குழுவின் பதிவும் உங்கள் நியமனமும். மலேசியச் சாரணர் சங்கமான பெர்செக்குத்துவான் பெங்காகாப் மலேசியாவில் குழுவின் ஆண்டுப் பதிவு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, உங்கள் தவுலியா (நியமனச் சான்று) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பொறுப்பாசிரியர் மாறிப்போன பள்ளிகளில் இவை இரண்டும் பழைய பெயரிலேயே கிடப்பது வழக்கம். சாரணர் சின்னங்களுக்கான தேர்வு நேரத்தில்தான் அது தெரியவரும். அப்போது திருத்த நேரம் இருக்காது.

மூன்றாவது, பெற்றோர் ஒப்புதல் படிவம். இதைத் தமிழிலும் மலாயிலும் ஒரே தாளில் கொடுங்கள். நான் முதலில் மலாயில் மட்டும் கொடுத்தேன். கையொப்பம் எல்லாம் வந்தது, ஆனால் பாட்டியிடம் கையொப்பம் வாங்கி வந்த பிள்ளைகளின் வீட்டில் என்ன ஒப்புக்கொண்டோம் என்றே யாருக்கும் தெரியவில்லை. சந்திப்பின் போது பெரியவர் ஒருவர் அதே வீட்டில் இருப்பார், கயிறு போன்ற பொருள்களைப் பிள்ளை பயன்படுத்தும்போது அவர் பார்த்துக்கொள்வார், இணைப்பை வேறு யாருக்கும் அனுப்பமாட்டோம், தொடர்பு எல்லாம் பெற்றோரின் எண்ணுக்கே வரும் என்பன படிவத்தில் இருக்கட்டும். நிழற்படத்துக்கான ஒப்புதலைத் தனிக் கட்டமாக வையுங்கள். பிள்ளை கலந்துகொள்ளலாம், ஆனால் முகம் எங்கும் வரக்கூடாது என்று சொல்லும் உரிமை பெற்றோருக்கு இருக்க வேண்டும். எங்கள் குழுவில் நால்வர் அப்படிச் சொன்னார்கள்.

புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கட்டைவிரல் படம் போடுவது ஒப்புதல் ஆகாது. கையொப்பமிட்ட தாளைப் படமெடுத்து அனுப்பினால் ஏற்றுக்கொள்ளுங்கள். அசல் தாளைப் பள்ளி திறந்தபின் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

3. செயலியும் செலவும்

நீங்கள் ஆசிரியராக இருந்தால் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கணக்கில் உள்ள கூகல் மீட்டைப் பயன்படுத்துங்கள். தனிக் கட்டணம் இல்லை. இலவசத் தனியார் கணக்குக்கு உள்ள 60 நிமிட வரம்பும் இதில் குறுக்கே வராது. பிள்ளைகளுக்கும் அதே அமைப்பில் கணக்கு இருப்பதால் யார் வருகிறார் என்பதைப் பெயரோடு பார்க்கலாம். சிக்கல் ஒன்றுதான்: கடவுச்சொல்லை மறக்காத பிள்ளை அரிது. முதல் சந்திப்புக்கு நான்கு நாள் முன்னதாக எல்லாரும் ஒரு முறை உள்நுழைந்து பார்க்கச் சொல்லுங்கள். முடியாதவர்களின் பெயரைப் பள்ளியின் டெலிமா பொறுப்பாளரிடம் கொடுத்துவிடலாம்.

திறந்த குழுவை நடத்துபவர்களுக்கு டெலிமா கிடைக்காது. சூம் செயலியின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். கூகல் மீட்டின் இலவசக் கணக்கு மூவர் அல்லது அதற்கு மேல் சேர்ந்தால் 60 நிமிடம் தரும். கட்டணக் கணக்கு வாங்கும் அவசரம் வேண்டாம். விலை அமெரிக்க டாலரில் இருக்கும், வங்கியின் நாணய மாற்றுக் கட்டணம் சேரும், அதற்கு மேல் வெளிநாட்டு மின்னிலக்கச் சேவைக்கான 8 விழுக்காடு சேவை வரியும் வரும். அட்டையை நீக்காவிட்டால் மாதாமாதம் தானாகவே பிடித்துக்கொண்டும் இருக்கும். நான் ஒரு மாதத்துக்கென்று வாங்கி மூன்று மாதம் கட்டினேன். அந்த அனுபவத்துக்குப் பிறகு, பத்து வயதுப் பிள்ளையால் 40 நிமிடத்துக்கு மேல் திரை முன் உட்கார முடியாது என்பதை ஒப்புக்கொண்டு, இலவச வரம்பையே சந்திப்பின் நீளமாக வைத்துக்கொண்டேன்.

பெற்றோரின் செலவு தரவுதான். ஒரு மணி நேரக் குழுக் காணொலி ஒரு ஜிபியை எளிதாக விழுங்கிவிடும். பேசாத நேரத்தில் பிள்ளைகள் கேமராவை அணைத்து வைக்கட்டும். செய்து காட்டும்போது மட்டும் திறக்கட்டும். 'முகம் காட்டாவிட்டால் வருகை இல்லை' என்று நான் முதலில் வைத்திருந்த விதி, தரவு வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகளைத்தான் முதலில் வெளியேற்றியது.

4. கதவைப் பூட்டிவிட்டுத் தொடங்குங்கள்

எங்கள் இரண்டாவது சந்திப்பில், பெயருக்குப் பதிலாக ஒரு புள்ளியை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவர் உள்ளே வந்து பாட்டுப் போட்டார். யாரோ ஒரு பெற்றோர் உறவினர் புலனக் குழுவில் இணைப்பைப் பகிர்ந்திருந்தார், அது எங்கெங்கோ போயிருந்தது. பாட்டோடு போனது எங்கள் நல்ல காலம்.

இணைப்பைச் சந்திப்புக்கு 30 நிமிடம் முன்னதாக மட்டும் பெற்றோர் குழுவில் போடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிய இணைப்பை உருவாக்குங்கள். நீங்கள் அனுமதிக்கும்வரை ஆட்களை வெளியே நிறுத்தும் காத்திருப்பு அறை வசதியை இயக்கி வையுங்கள். 'பிள்ளையின் பெயர், அணியின் பெயர்' என்ற வடிவில் பெயர் இல்லாத யாரையும் உள்ளே விடாதீர்கள். திரையைப் பகிரும் உரிமை நடத்துபவருக்கு மட்டும் இருக்கட்டும். பிள்ளைகள் தங்களுக்குள் தனிச்செய்தி அனுப்பும் வசதி இருந்தால் அதை மூடிவிடுங்கள்.

பெரியவர்கள் இருவர் உள்ளே வந்தபிறகே முதல் பிள்ளையை அனுமதியுங்கள். முடிவிலும் கடைசிப் பிள்ளை வெளியேறும்வரை இருவரும் இருக்க வேண்டும். ஒருவருக்கு இணையம் அறுந்து, ஐந்து நிமிடத்தில் அவர் திரும்ப முடியாவிட்டால் சந்திப்பை முடித்துவிடுங்கள். தனியாக ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியிருந்தால் பெற்றோரின் எண்ணுக்கு அழைத்து, பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போது சொல்லிக்கொடுங்கள். உலகச் சாரணர் அமைப்பின் 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' என்ற சிறார் பாதுகாப்புப் பயிற்சி இயங்கலையில் கிடைக்கிறது. உதவிக்கு வரும் பெற்றோர் உட்பட எல்லாப் பெரியவர்களும் அதை முடித்திருப்பது நல்லது.

வாட்ஸ்அப்பில் கணக்கு வைத்திருக்கக் குறைந்த வயது 13. ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனிப் புலனக் குழு தொடங்கும் எண்ணத்தை அதோடு விட்டுவிடுங்கள். சந்திப்பைப் பதிவு செய்யவும் வேண்டாம். பிள்ளை யாரேனும் இணையத்தில் தொல்லைக்கு ஆளானது தெரியவந்தால் நீங்களே விசாரணை நடத்தாமல் தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் உடனே தெரிவியுங்கள். அரசாங்க உதவித் தொலைபேசிச் சேவையான தாலியான் காசேயின் 15999 எண்ணில் 24 மணி நேரமும் புகார் செய்யலாம்.

5. ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் உறை

திரையில் மட்டும் நடக்கும் சந்திப்புக்குப் பிள்ளைகள் இரண்டு முறை வருவார்கள், மூன்றாவது முறை வரமாட்டார்கள். கையில் ஒரு பொருள் இருந்தால் வருவார்கள். நாங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பழுப்பு உறை கொடுத்தோம்: ஒன்றரை மீட்டர் சிவப்புக் கயிறு, ஒன்றரை மீட்டர் நீலக் கயிறு, தவணைப் பணிகள் அச்சிட்ட ஒரு தாள், ஒரு பென்சில். ஒரு பிள்ளைக்கு ஏறக்குறைய 6 ரிங்கிட் ஆனது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் அந்தத் தொகையைத் திரும்பக் கொடுத்தது, ஆனால் முதல் முறை பாதித் தொகைதான் கிடைத்தது. கடை ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சிட்டவை, இரண்டு மாதத்தில் எழுத்து மறைந்துபோயிருந்தது. வாங்கிய அன்றே ரசீதை நகலெடுத்துவிடுங்கள், ரசீதில் பள்ளியின் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்.

கயிறு வாங்கும்போது நைலான் வேண்டாம். பளபளப்பாக இருக்கும், மலிவாகவும் இருக்கும், ஆனால் வழுக்கும். சரியாகப் போட்ட முடிச்சும் அவிழ்ந்து பிள்ளை மனம் சலித்துப்போகும். பருத்திக் கயிறாகப் பார்த்து வாங்கி, நுனிகளில் ஒட்டுநாடா சுற்றிக் கொடுங்கள். உறைகளைப் பள்ளிப் பாதுகாவலர் குடிலில் வைத்துவிட்டால் பெற்றோர் வந்து எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

6. நாற்பது நிமிடத்தைப் பிரிக்கும் விதம்

தொடக்கச் சடங்கில் நெகாராகூவை எல்லாரும் சேர்ந்து பாடலாம் என்று நினைக்கிறீர்களா? நான் நினைத்தேன். இருபது வீடுகளிலிருந்து இருபது குரல், ஒவ்வொன்றும் அரை நொடி, ஒரு நொடி பின்தங்கி, நடுவில் ஒரு வீட்டில் குக்கர் விசில், இன்னொரு வீட்டில் சேவல். நாட்டுப்பண்ணுக்கு அது மரியாதையாக இல்லை. எல்லாருடைய ஒலிவாங்கியையும் அணைத்துவிட்டு, நீங்கள் ஒரு கருவியில் ஒலிபரப்புங்கள். பிள்ளைகள் வீட்டில் எழுந்து நின்று பாடட்டும்.

இதற்கும் வருகைப் பதிவுக்கும் ஐந்து நிமிடம். அடுத்த பத்து நிமிடம் கடந்த பணியைப் பிள்ளைகள் காட்டுவதற்கு. இதை முடிவுக்குத் தள்ளாதீர்கள். நேரம் போதாமல் வெட்டப்படுவது எப்போதும் முடிவில் இருப்பதுதான், காட்ட முடியாமல் போன பிள்ளை அடுத்த முறை செய்துகொண்டு வராது. பின்னர் பதினைந்து நிமிடம் ஒரே ஒரு புதிய திறன். மீதிப் பத்து நிமிடத்தில் அடுத்த பணியைச் சொல்லி, உறுதிமொழியோடு முடிக்க வேண்டும். அணித் தலைவர்களே வருகையை எடுக்கட்டும், அவர்களே தங்கள் அணியைக் கூப்பிடட்டும். பெரியவர் முழு நேரமும் பேசினால் அது இன்னொரு வகுப்பாகிவிடும்.

7. முடிச்சைக் கற்பிக்கும்போது கேமராவை எங்கே வைப்பது

புத்தகத்தில் இல்லாத பகுதி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நேராகக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்து, இரண்டு கயிறுகளை இணைக்கும் புக்கு சீலா (ரீஃப்) முடிச்சைக் காட்டினேன். 'வலதை இடதின் மேல்' என்று வாய் சொன்னது. பிள்ளைகள் கண்ட திரையிலோ எதிரே இருப்பவரின் கை என்பதால் பக்கங்கள் மாறித் தெரிந்தன. வாயைக் கேட்டவன் ஒரு விதமாகவும் கண்ணால் பார்த்தவன் வேறு விதமாகவும் போட்டான். இன்னும் குழப்பம், உங்கள் திரையில் உங்கள் உருவம் கண்ணாடியில் போலவும் அவர்கள் திரையில் நேராகவும் தெரிவது. ஆகவே உங்கள் திரையைப் பார்த்து நீங்கள் சரிசெய்ய முயன்றால் மேலும் கெடும்.

தீர்வு எளிது. நாற்காலியின் முதுகில் கைப்பேசியைக் கட்டி, உங்கள் தோளுக்கு மேலிருந்து மேசையை நோக்கிக் கீழே பார்க்கும்படி வையுங்கள். அப்போது பிள்ளை காண்பது தன் கைகளைத் தானே காண்பது போல இருக்கும். மேசையில் வெள்ளைத் தாள் விரியுங்கள். சிவப்புக் கயிறு இடக்கையில், நீலக் கயிறு வலக்கையில் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டபின் இடது, வலது என்ற சொற்களையே விட்டுவிடுங்கள். 'நீலம் சிவப்பின் மேல் ஏறிக் கீழே நுழைகிறது. பிறகு அதே நீல நுனி மீண்டும் சிவப்பின் மேல் ஏறிக் கீழே நுழைகிறது' என்று சொன்னால் போதும்.

சரிபார்ப்பதும் நிறத்தால்தான். சரியான புக்கு சீலாவில் சிவப்புக் கயிற்றின் நீண்ட பகுதியும் குறுகிய நுனியும் நீல வளையத்துக்குள் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே பக்கமாக வெளியே வரும். தவறான முடிச்சில் குறுகிய நுனிகள் பக்கவாட்டில் குறுக்காகத் துருத்திக்கொண்டிருக்கும், இழுத்தால் வழுக்கும். இதை ஒரு பிள்ளை கேமராவுக்கு அருகில் பிடித்துக் காட்டினால் பெரியவர் மூன்று நொடியில் சொல்லிவிடலாம். கம்பில் கயிற்றைக் கட்டும் மானுக் (கிளோவ் ஹிட்ச்) முடிச்சை நாற்காலிக் காலிலோ துடைப்பக் கட்டையிலோ போடட்டும். இறுகாத வளையம் போடும் திண்டே காசே (போலைன்) முடிச்சையும் நாற்காலியிலேயே பழகட்டும். கழுத்தில் கயிறு போகக்கூடாது என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். சந்திப்பு முடிந்ததும் கயிறு உறைக்குள் போய்விட்டதைக் காட்டிய பிறகே பிள்ளைகளை அனுப்புங்கள்.

8. திரையை அணைத்தபின் செய்யும் பணிகள்

இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட இரண்டு வாரத்தில்தான் சாரணியம் உண்மையில் நடக்கிறது. ஆகவே பணியை வீட்டு வாசலில் செய்யக்கூடியதாகத் தேர்ந்தெடுங்கள்.

சனிக்கிழமைக் குழுவுக்கு நான் விரும்பிக் கொடுப்பது நிழல் குச்சி. முப்பது சென்டிமீட்டர்க் குச்சியை மண்ணில் நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல்லை வைத்து, 20 நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல்லை வைத்தால், முதல் கல் மேற்கு, இரண்டாவது கல் கிழக்கு. அடுக்குமாடியில் இருப்பவர்கள் மணல் போட்ட வாளியைக் கார் நிறுத்துமிடத்துக்குப் பெரியவரோடு கொண்டுபோகலாம். பிள்ளைகளைக் கேள்வி கேட்க வைப்பது இதன் இரண்டாம் பகுதி: நிழல் மிகக் குறுகிப்போவது எத்தனை மணிக்கு? எல்லாரும் 12 என்பார்கள். பினாங்கில் அது ஏறக்குறைய 1.20 மணிக்கு வருகிறது, ஏனெனில் நம் கடிகாரம் நமக்கு வெகு கிழக்கே உள்ள 120 பாகை நெட்டாங்குக்கு (தீர்க்கரேகைக்கு) வைக்கப்பட்டிருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலும் செப்டம்பர் இரண்டாம் வாரத்திலும் அந்த நேரத்தில் குச்சிக்கு நிழலே இருக்காது; வெயிலில் பிள்ளைகளை அதிக நேரம் நிறுத்தாமல் அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வியாழன் குழுவுக்கு வானம். சனவரியில் இரவு 8.30 மணிக்குக் கிழக்கு வானில் பாதி உயரத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களையும், பக்கத்தில் செந்நிறமாக ஒளிரும் திருவாதிரையையும் நகர வெளிச்சத்திலும் பார்க்கலாம். பாட்டிக்குத் தெரிந்த நட்சத்திரப் பெயர்களைக் கேட்டு எழுதி வரச் சொன்னால் வீடே கலந்துகொள்ளும்.

முதலுதவியில் கை தாங்கு கட்டு நன்றாக வரும். பிள்ளையின் ஸ்காஃப் (சாரணர் கழுத்துத்துணி) சில வேளைகளில் சிறியதாக இருக்கும். அம்மாவின் துப்பட்டாவை முக்கோணமாக மடித்தால் போதும். கட்டை முடிவதற்கு அதே புக்கு சீலாதான், தட்டையாக இருப்பதால் உறுத்தாது. அவசர எண்ணான 999-க்கு அழைத்துப் பேசும் பயிற்சியில் மட்டும் கவனம் தேவை. நான் பிள்ளைகளைச் சந்திப்பிலேயே பேசிக் காட்டச் சொன்னேன். மூன்றாவது பிள்ளை தன் வீட்டு எண், தெரு, தாமான் (குடியிருப்புப் பகுதி) எல்லாவற்றையும் இருபது வீடுகளுக்குக் கேட்கும்படி சொன்னபிறகுதான் என் தவறு உறைத்தது. சந்திப்பில் கற்பனை முகவரியைக் கொடுங்கள். சொந்த முகவரியைப் பெற்றோரிடம் ஒப்பித்துக் கையொப்பம் வாங்கி வரட்டும். பாதிப் பிள்ளைகளுக்குத் தாமான் பெயர் தெரியும், வீட்டு எண் தெரியாது என்பதையும் அந்தப் பயிற்சியில்தான் கண்டேன்.

நெருப்பும் கத்தியும் வேண்டிய எந்தப் பணியையும் இயங்கலையில் கொடுக்காதீர்கள்.

9. சின்னங்களும் பதிவுகளும்

கெரிஸ் கங்சா (வெண்கலம்), கெரிஸ் பேராக் (வெள்ளி), கெரிஸ் ஏமாஸ் (தங்கம்) என்ற சாரணர் சின்னங்களில் படிப்படியாகப் போகும் பிள்ளைகளுக்கு, இயங்கலையில் செய்தவற்றில் எவை தேர்வாக ஏற்கப்படும் என்று மாவட்டச் சாரணர் ஆணையரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதைச் செய்யாமல் ஒரு தவணை முழுவதும் குறித்து வைத்த பட்டியலை நான் பிறகு நேரில் மீண்டும் சோதிக்க வேண்டியிருந்தது. முடிச்சு, கட்டு போன்றவற்றை எப்படியும் நேரில் ஒரு முறை பார்த்துவிடுவதே முறை. உறுதிமொழி ஏற்பை இயங்கலையில் நடத்த வேண்டாம். பிள்ளைக்கு அது ஒரு முறைதான் வரும், காத்திருக்கலாம்.

பிஏஜேஎஸ்கே எனும் புறப்பாட மதிப்பீட்டின் மதிப்பெண்ணுக்கு வருகைப் பதிவு தேவைப்படும் என்பதால் ஒவ்வொரு சந்திப்பு முடிந்த அன்றே மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள்: வருகைப் பதிவேட்டை நிரப்புவது, அரைப் பக்க அறிக்கை எழுதுவது, ஒரு திரைப்பிடிப்பைச் சேர்ப்பது. திரைப்பிடிப்பைப் பிள்ளைகள் கேமராவை அணைத்திருக்கும்போது, அல்லது முடிச்சுப் போட்ட கைகள் மட்டும் தெரியும்போது எடுங்கள். முகமும் முழுப் பெயரும் தெரியும் படத்தைப் பள்ளியின் முகநூலில் போட்டுவிட்டு, ஒப்புதல் தராத பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை வர வேண்டாம்.

10. வராத பிள்ளையை எப்போது அழைப்பது

ஒரு சந்திப்புக்கு வராவிட்டால் விட்டுவிடுங்கள். தொடர்ந்து இரண்டு சந்திப்புகள் வராவிட்டால் அந்த வாரத்துக்குள் பெற்றோரை அழையுங்கள்; மூன்றாவதுவரை காத்திருந்தால் பிள்ளை கூச்சத்தாலேயே வராது. 'ஏன் வரவில்லை' என்று தொடங்காமல், 'உறையில் கயிறு இருக்கிறதா, பணித்தாள் தொலைந்துவிட்டதா' என்று தொடங்குங்கள். பணித்தாள் தொலைந்ததைச் சொல்லப் பயந்தே ஒரு பையன் ஒரு மாதம் வராமல் இருந்தான். அண்டை வீட்டு அணித் தலைவன் தன் தாளைப் படமெடுத்து அவன் அம்மாவின் எண்ணுக்குத் தன் அம்மா வழியாக அனுப்பியதும் அடுத்த வியாழனே வந்தான். கருவியே இல்லாத வீடுகளுக்குப் பணித்தாளை அச்சிட்டுக் கொடுத்து, செய்து முடித்ததைப் பள்ளியில் பார்த்து வருகை கொடுங்கள்.

11. அக்டோபருக்கு ஆகஸ்டிலேயே தொடங்குங்கள்

ஆண்டுதோறும் அக்டோபர் மூன்றாவது வார இறுதியை ஒட்டி ஜோட்டா-ஜோட்டி நடக்கிறது; உலகெங்கும் உள்ள சாரணர்கள் வானொலி வழியாகவும் இணையத்தின் வழியாகவும் சந்தித்துக்கொள்ளும் நிகழ்வு இது. இரண்டு மாதம் இயங்கலையில் பழகிய குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பரிசு இல்லை. ஆனால் இதில் அந்நியர்களோடு பேசும் சூழல் இருப்பதால் தவணைப் படிவம் போதாது, தனி ஒப்புதல் படிவம் வேண்டும். பங்கேற்புப் பதிவுக்கும் இணையப் பாதுகாப்புப் பயிற்சிக்கும் நேரம் வேண்டும். தலைமையாசிரியருக்கான கடிதத்தை ஆகஸ்ட் இறுதிக்குள் கொடுங்கள், பெற்றோர் படிவத்தைச் செப்டம்பர் நடுவில் திரும்பப் பெறுங்கள். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து தனித்தனியாகச் சேரவிடாமல் பள்ளியின் கணினி அறையில், பெரியவர் இருவர் பின்னால் நிற்க, அணிக்கு ஒரு கணினி என்று உட்காரவையுங்கள். கணினி அறையின் சாவி சனிக்கிழமை யாரிடம் இருக்கும் என்பதை வெள்ளிக்கிழமையே கேட்டுக்கொள்ளுங்கள்.